லிஃப்டுக்கு எதற்கு இத்தனை ஞாபகம்?

"மெமரி இருக்கா தம்பி?... இல்லையா? எப்ப வரும்னாவது ஞாபகம் இருக்கா?"

காலை ஏழே முக்கால். ஏழாம் மாடியிலிருந்து, லிஃப்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று படியிறங்கி வரும் குரல் இது. ஆறாம் மாடித் திருப்பத்தில் ஒருவரிடம் கெஞ்சல். ஐந்தாவதில் இன்னொருவரிடம் அதட்டல். நான்காவதில் மூன்றாம் ஆசாமியின் குழந்தைக்குச் சளி குறைந்ததா என்ற விசாரிப்பு. நான் குடியிருக்கும் மூன்றாம் மாடியைக் கடக்கும்போது அநேகமாக "சரி, வைக்கிறேன்" வந்துவிடும். பிறகு ஒரு பெருமூச்சு. புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் தொழில். காற்றுக்காகக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெருமூச்சின் நீளத்தை வைத்தே அன்று எத்தனை பேர் கைவிரித்தார்கள் என்று என்னால் சொல்லிவிட முடியும்.

எங்கள் குடியிருப்பில் அவருக்குச் சில்லுக்காரம்மா என்று பெயர். வைத்தது யாரென்று தெரியவில்லை. அவருக்கும் அதில் வருத்தமில்லை. லிஃப்டுகளுக்கான கன்ட்ரோல் போர்டு செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் கொள்முதல் அதிகாரி. லிஃப்டின் பெட்டியையும் கயிற்றையும் வேறு யாரோ செய்கிறார்கள். எந்த மாடியில் நிற்க வேண்டும், எப்போது கதவைத் திறக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் மூளையை இவர்கள் செய்கிறார்கள். முப்பத்திரண்டு பேர் வேலை பார்க்கும் இடம். திருகாணி முதல் சிப் எனும் சில்லு வரை அத்தனையும் வாங்கிப்போட வேண்டியது இவர் ஒருவர்.

வயது நாற்பத்தெட்டு. ஒரு கண்ணாடி மூக்கில், ஒன்று தலையில், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு சில்லுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து பதினேழு இலக்கத்தில் ஒரு குறியீடு உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் ஒப்பிப்பார். மகள் கல்லூரியில் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் மட்டும், "அதான்... அந்தக் கணக்கு மாதிரி ஒண்ணு" என்பார்.

கைப்பையில் ஒரு மாத்திரை டப்பா இருக்கும். ஞாயிறு, திங்கள் என்று நாளுக்கொரு அறை வைத்த டப்பா. அதில் இருப்பவை மாத்திரைகள் அல்ல, சில்லுகள். ஒருமுறை அதை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். மாமனார் தன்னுடையது என்று எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, செவ்வாய்க்கிழமை மாத்திரை கறுப்பா, சதுரமா இருக்கே, டாக்டர் மாத்திட்டாரா?" என்று குரல் கொடுத்திருக்கிறார். இவர் ஈரத்தலையோடு ஓடிவந்து, "மாமா, அது லிஃப்டுக்கு! முழுங்கிடாதீங்க, வேற கிடைக்காது!" என்று கத்தினாராம். மாமனார் இன்றுவரை அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை மறக்கவில்லை. "என் உயிரைப் பத்திக் கவலையில்ல, வேற கிடைக்காதாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

வியாபாரிகளில் பாதிப் பேரை அவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரின் குணத்தையும் அறிந்து, அதையே பெயராகக் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறார். திரையில், "நாளைக்குச் சொல்றேன்" அழைக்கிறார் என்று வரும். "இல்லைங்கம்மா" அழைக்கிறார் என்று வரும். "பாதி உண்மை" என்று ஒருவர் இருக்கிறார். அவர் நூறு என்றால் ஐம்பது நிச்சயம் உண்டு என்பது சில்லுக்காரம்மாவின் கணிப்பு.

போலிகளைக் கண்டுபிடிப்பதில் பலே ஆள். பழைய சில்லின் மேல் புதுப் பெயர் அச்சடித்து விற்பவர்கள் உண்டு. அதற்காக நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஒரு புட்டி எப்போதும் பையில் இருக்கும். பஞ்சில் நனைத்துச் சில்லின் முதுகில் இரண்டு தேய். எழுத்து அழிந்தால் போலி. அவருடைய பத்து நகங்களிலும் நான் ஒரு நாளும் பூச்சைப் பார்த்ததில்லை. "நகத்துக்குப் போட எங்க சார் நேரம்? போட்டாலும் நானே அழிச்சிடுவேன்" என்றார்.

இத்தனை திறமைக்கும் இந்த இரண்டு வருடங்களாகச் சோதனைக் காலம். முன்பெல்லாம் பன்னிரண்டு வாரத்தில் வந்த மெமரி சில்லு இப்போது ஒரு வருடம் ஆகும் என்கிறார்கள். சிலர் அதுவும் சொல்வதில்லை. ஏன் என்று ஒருநாள் படிக்கட்டில் கேட்டேன். பையைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார்.

"நம்ம தெருவுல பெரிய வீட்டுக்காரர் ஒருத்தர் புதுசா வந்து, பெரிய மோட்டாரைப் போட்டு இழுக்கிறார்னு வைங்க. கடைசி வீட்டுக் குழாயைத் திறந்தா என்ன வரும்? காத்து வரும். அதான் சார். இந்த ஏஐ கம்ப்யூட்டருங்க இருக்கே, ஊருக்கு ஊரு மைதானம் மாதிரிக் கட்டடம் கட்டி வச்சிருக்காங்களாம். அதுங்களுக்கு மெமரின்னா அப்படி ஒரு பசி. சில்லு செய்யற கம்பெனிக்காரங்க யாருக்குச் செய்வாங்க? லட்சக்கணக்குல கேக்கறவங்களுக்கா, நானூறு கொடுங்க ஐயான்னு மூக்கால அழுவுற எனக்கா? எங்க சில்லு செய்யற மெஷினையெல்லாம் அவங்க பக்கம் திருப்பிட்டாங்க. நாங்க கடைசி வீட்டுக் குழாய்."

சொல்லி முடித்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாயைத் திருகி மூடிவிட்டுப் படியிறங்கினார்.

வீட்டில் மகள் ஏஐயிடம் எதையாவது கேட்டுக்கொண்டிருந்தால் இவருக்குப் பொறுக்காது. "நீ கேக்கற ஒவ்வொரு கேள்விக்கும் ஏதோ ஒரு லிஃப்டு நின்னு போகுதுடி!" என்பார். ஆனால் ஓர் இரகசியம் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அவர் அனுப்பும் ஆங்கிலக் கடிதம் ஒன்றைப் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் காட்டினார். வெண்ணெயில் வழுக்குவதுபோல் அத்தனை பணிவு, அத்தனை நயம். பிழை ஒன்றுகூட இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். "மகதான் சொல்லிக் கொடுத்தா. அதுகிட்டயே எழுதச் சொன்னேன்" என்று குரலைத் தாழ்த்தினார். "நம்ம சில்லையெல்லாம் தின்னுதுல்ல, ஒரு கடுதாசியாவது எழுதட்டுமே!"

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் லிஃப்ட் செத்துப்போனது.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு பிற்பகல், பெரிய இடி. விளக்குகள் ஒருமுறை துள்ளி அடங்கின. பத்து மாடிக் கட்டடத்தின் ஒரே லிஃப்ட் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே நின்றது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. மேல்மாடி அறையில் திறந்து பார்த்தபோது கன்ட்ரோல் போர்டு கருகிக் கிடந்தது. அதன் மூலையில் ஒட்டியிருந்த பெயர், சில்லுக்காரம்மாவின் நிறுவனத்தினுடையது.

எல்லோருக்கும் ஒரே நிம்மதி. நம்ம வீட்டு ஆள்தானே! சாயங்காலம் கீழே கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் கூடியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் இரண்டாம் மாடிக்காரர். எதையும் கோப்போடு பேசுகிறவர். வெறும் கோப்பாக இருந்தாலும் கையில் இருக்க வேண்டும்.

"உங்ககிட்ட இன்னும் மூணு சில்லு இருக்காமே?" என்றார்.

"இருக்கு சார்."

"நகத்தளவு சாமான். கைப்பையில போட்டு எடுத்துட்டு வந்துட முடியாதா?"

"முடியும் சார். அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் சில்லுக்காரம்மா. மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். புதன், வியாழன், வெள்ளி. மூன்று அறைகளில் மூன்று கறுப்புச் சதுரங்கள். "இந்த மூணுக்கும் ஆள் இருக்கு. நம்ம கட்டடம் பதினாலாவது."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அத்தனை சத்தத்துக்கும் மேலே எழுந்தது ஒன்பதாம் மாடி அம்மாவின் குரல்.

அவருடைய கணவர் பஸ் டிரைவர். முப்பது வருடம் ஓட்டி ஓய்வுபெற்றவர். சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போயாக வேண்டும். செவ்வாய், வியாழன், சனி. தப்பினால் உயிருக்கு ஆபத்து. ஒன்பது மாடி இறங்கி ஏறும் தெம்பு அவர் கால்களில் இல்லை. சில்லுக்காரம்மாவுக்கு அவர் அண்ணே; மனைவி அண்ணி. ரசம் வைத்தால்... இல்லை, அந்த நெருக்கத்தைச் சமையலில் அளக்க வேண்டாம். ஒருவர் வீட்டுச் சாவி மற்றவர் வீட்டு ஆணியில் தொங்கும் நெருக்கம்.

"ஏன்மா, உன் வீட்டுக்காரருக்கு இப்படி இருந்தா பதினாலுன்னு சொல்லுவியா?" என்றார் அண்ணி.

சில்லுக்காரம்மாவின் முகம் சிறுத்துவிட்டது. ஆனால் பதில் சொன்னார். "மூணாவதா இருக்கறது எது தெரியுமா அண்ணி? அண்ணன் போற டயாலிசிஸ் சென்டர். அவங்க நாலாவது மாடியில இருக்காங்க, அவங்க லிஃப்டும் நின்னு நின்னு ஓடுது. அதை எடுத்து நமக்குப் போட்டா, அண்ணன் இங்க சொகுசா இறங்கி, அங்க ஏற முடியாம நிப்பாரு. அவர் மாதிரி நாப்பது பேரு நிப்பாங்க. மத்த ரெண்டும் ஆஸ்பத்திரி. அப்புறம் வர்றதெல்லாம் கேட்ட தேதிப்படி. நான் இங்க குடியிருக்கேங்கறதுக்காக அந்தத் தேதியை எப்படி மாத்துவேன்?"

அண்ணி மாடிப்படிப் பக்கம் போனார். ஒன்பது மாடியும் அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

செயலாளர் மறுநாளே வேறு இரண்டு நிறுவனங்களில் விசாரித்தார். ஒன்றில் இதே பதில். மற்றொன்றில், எல்லா வயரையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், எட்டு மாதம் என்றார்கள். கோப்பை மூடினார்.

ஆக, டிரைவரைத் தூக்குவதென்று முடிவாயிற்று. கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, நான்கு பேர். செயலாளர், கையுறை அணிந்து வந்தார். நான்காம் மாடி உடற்பயிற்சிக்காரர், மூச்சுவிடாமல் எண்ணிக்கொண்டே தூக்குவார். நான். நான்காவது காலைப் பிடிக்க யாரும் கூப்பிடாமலே வந்து நின்றவர் சில்லுக்காரம்மா. காலை ஆறரைக்கே காதில் செவிபேசியை மாட்டிக்கொண்டு வருவார். "இருநூறு வேணாம் தம்பி, நூறு கொடுங்க, போதும்... சார், மெதுவா, திருப்பம்... இல்ல தம்பி, உங்களைச் சொல்லல."

டிரைவருக்கு இது ஒரு பயணம். முகத்தில் வலி இருக்கும், வாய் சும்மா இராது. "எட்டாவது மாடி! எட்டாவது மாடி இறங்கறவங்கெல்லாம் முன்னாடி வாங்க!" என்பார். "பின்னாடி ரெண்டு சக்கரமும் ஒழுங்கா உருளுது. முன்னாடி வலது சக்கரம்தான் போன் பேசிட்டே ஓடுது, பயணிகள் கவனம்!" அண்ணி மட்டும் சிரிக்க மாட்டார். மருத்துவமனைக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வருவார். சில்லுக்காரம்மா பக்கம் திரும்புவதில்லை.

இறங்குவதாவது பரவாயில்லை. சிகிச்சை முடிந்து திரும்பும்போது டிரைவர் பிழிந்துபோட்ட துணிபோல் இருப்பார். மாடிப் பெயர் எதுவும் சொல்ல மாட்டார். மூன்றாம் வாரம் சனிக்கிழமை மதியம், மேலே ஏறும்போது ஐந்தாம் மாடியில் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முகம் சாம்பல் நிறம். நாற்காலியை அப்படியே இறக்கினோம். அண்ணி கோப்பால் விசிறினார். உடற்பயிற்சிக்காரர் எண்ணுவதை நிறுத்தியிருந்தார். சில்லுக்காரம்மா முழங்காலிட்டு டிரைவரின் பாதங்களை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். செவிபேசியில் யாரோ "ஹலோ, ஹலோ" என்பது எங்களுக்கே கேட்டது. அவர் கவனிக்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் கண் விழித்தார் டிரைவர். "என்ன, வண்டி பிரேக் டவுனா?" என்றார். அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே சில்லுக்காரம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரு வசவே மேல்.

அடுத்த செவ்வாய் காலை, இறங்கும்போது டிரைவர் கேட்டார். ஆறாம் மாடித் திருப்பம் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

"தங்கச்சி, ஒரு சந்தேகம். முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். எந்த ஸ்டாப்புல யார் ஏறுவாங்க, எங்க குழி, எங்க சிக்னல், அத்தனையும் இந்தச் சின்ன மண்டைக்குள்ள வச்சிருந்தேன். உங்க லிஃப்டுக்குப் பத்தே ஸ்டாப்பு. மேல, கீழ. அதுக்கு எதுக்கு இத்தனை ஞாபகம்?"

சில்லுக்காரம்மா நின்றுவிட்டார். முன்வலது சக்கரம் நின்றால் வண்டி என்னவாகும்? நாற்காலி சாய்ந்தது. செயலாளர் "ஐயோ, என் கால்!" என்றார். டிரைவர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார்.

"இதை நான் ஏன் கேக்கல?" என்றார் சில்லுக்காரம்மா, யாரையும் பார்க்காமல். "ரெண்டு வருஷமா சில்லு எங்க, சில்லு எங்கன்னு ஊரெல்லாம் கேட்டேன். எதுக்கு இவ்வளவு பெருசுன்னு எங்க ஆபீஸ்ல கேக்கலையே!"

அன்றே கேட்டிருக்கிறார். அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், இரண்டு நாள் கழித்து, இந்தச் சித்திரம் எழுதப் போகிறேன் என்று சொல்லி அவர் அலுவலகத்துக்குப் போனேன்.

ஒரு கிடங்கின் மேல்மாடி. உள்ளே நுழையுமுன் சுவரிலிருக்கும் உலோகத் தகட்டைத் தொட வேண்டும். நம் உடம்பிலிருக்கும் மின்சாரம் சில்லுகளுக்கு ஆகாதாம். நீல விரிப்புப் போட்ட மேசைகள், ஈயம் உருகும் வாசனை, தலைகுனிந்த பெண்கள், வெளிச்ச வளையத்துக்குள் பெரிதாகத் தெரியும் விரல்கள். சில்லுக்காரம்மாவின் மேசைக்குப் பின்னால் சுருள் சுருளாக உதிரி பாகங்கள் அடுக்கிய அலமாரி. "மெமரி" என்று எழுதிய தட்டில் மட்டும் அவருடைய குடையும் சாப்பாட்டு டப்பாவும் இருந்தன.

அவர் தன் இடத்தில் இல்லை. தலைமை வடிவமைப்பாளரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாளாக அங்கேதான் குடித்தனம் என்றார்கள். வடிவமைப்பாளர் ஐம்பது வயதைத் தொட்டவர், தன் வேலையில் கர்வம் உள்ளவர். அந்தக் கர்வத்தை ஒவ்வொரு செங்கல்லாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார் சில்லுக்காரம்மா.

"இது என்ன சார், மழை?"

"லிஃப்ட் திரையில வர்ற வானிலைப் படம். வெளிய மழைன்னா துளி விழும். ஒவ்வொரு துளியும் தனித்தனியாத் தெறிக்கும், பாருங்க. உள்ள நிக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"நனைஞ்சுட்டே உள்ள வர்றவங்களுக்குத் தெரியாதா சார்?"

வடிவமைப்பாளர் பேனாவை மூடித் திறந்தார். "இருபது நாள் உழைச்சிருக்கேன்மா."

"அழகா இருக்கு சார். எடுத்துடுங்க."

மழை போனது. திரையில் நீந்திய மீன்கள் போயின. விளம்பரப் படங்களுக்காக ஒதுக்கிய இடம் போனது. பிறகு குரலில் வந்து முட்டியது. நான்கு மொழிகளில் வணக்கம், வருக, தளத்தின் எண், நன்றி, மீண்டும் வருக.

"இதுல கை வைக்க முடியாது" என்றார் வடிவமைப்பாளர்.

"ஏன் சார்?"

"தமிழ்க் குரல் என் மனைவியோடது."

சில்லுக்காரம்மா கைபேசியை எடுத்தார். "உங்க வீட்டம்மாகிட்ட நான் பேசட்டுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார். விஷயத்தைக் கேட்ட அந்த அம்மாள் ஒரே மூச்சில் சொன்னார்: "எடுங்க, எடுங்க, முதல்ல அதை எடுங்க! எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் எனக்கு நானே வணக்கம் சொல்லி, எனக்கு நானே நன்றி சொல்லிக்கிட்டு நிக்கிறேன். கூட வர்றவங்க என்னையே உத்துப் பாக்கறாங்க. இத்தனை வருஷமா அவர்கிட்ட சொல்ல முடியல."

மேசைகளில் தலைகுனிந்திருந்த பெண்களின் தோள்கள் குலுங்கின. வடிவமைப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் அதன்பிறகு அவரே வேகமாகிவிட்டார். மாடி எண்ணைச் சொல்வதையும் எடுத்துவிடலாமே என்று அவர் கேட்டபோது, "அது இருக்கட்டும் சார், கண்ணு தெரியாதவங்க எப்படி இறங்குவாங்க?" என்று தடுத்தவர் சில்லுக்காரம்மா. கதவில் கை சிக்கினால் திறப்பது, நெருப்பென்றால் கீழே இறங்குவது போன்ற பாதுகாப்பு வேலைகளுக்கான நிரலில் ஒரு வரிகூடக் குறையக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே பிடிவாதம். கடைசியில் பார்த்தால், எல்லாம் சேர்ந்து பழைய இடத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் அடங்கிவிட்டது.

எட்டில் ஒரு பங்கு என்றால், இப்போது யாரும் சீண்டாத பழைய ரகச் சில்லு போதும். ஒருகாலத்தில் டிவிப் பெட்டிகளில் போட்டது. ஏஐ கம்ப்யூட்டர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சில்லுக்காரம்மா "பாதி உண்மை"யை அழைத்தார். ஆயிரம் கிடக்கிறது என்றார் அவர். ஐநூறு வந்தது. பஞ்சும் புட்டியுமாக உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கத் தேய்த்திருக்கிறார். அலுவலகமே அழகு நிலையம்போல் மணந்ததாம். ஒன்றில்கூட எழுத்து அழியவில்லை.

புதிய போர்டைச் சோதித்துச் சரிபார்க்க மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் டப்பாவிலிருந்த மூன்று சில்லும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் டயாலிசிஸ் மையத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. நான்காவதிலிருந்து புது போர்டு. ஒவ்வொன்றையும் ஒரு முழு நாள் ஓட்டிப் பார்க்காமல் வெளியே அனுப்புவதில்லை. நாளொன்றுக்கு ஒன்று. எங்கள் படிக்கட்டில் இப்போது எண்கள்தான் பேச்சு. "இன்னிக்கு எத்தனையாவது?" "ஏழு." "இன்னிக்கு?" "எட்டு." கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் கேட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை, நாற்காலியைத் தூக்க வந்த சில்லுக்காரம்மாவின் தோளில் பெரிய பை. போகிற வழியில் ஓர் இடத்தில் கொடுக்க வேண்டும் என்று, அதை ஒன்பதாம் மாடி நடைக்கூடத்தில் பத்திரமாகச் சுவரோரம் வைத்தார். பையின் வாய் திறந்திருந்தது. வெள்ளிநிற உறைக்குள் பச்சையாக ஒரு போர்டு.

அண்ணி பார்த்துவிட்டார். ஏழு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சில்லுக்காரம்மாவிடம் பேசினார்.

"இது யாருக்கு?"

"பத்தாவது அண்ணி. ஒரு துணிக்கடை."

"துணிக்கடையா?" அண்ணி பையை நோக்கிக் கையை நீட்டினார். "மேல போய்த் துணி பாக்கறதுக்கா? இவர் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. போர்டு நம்ம வாசல்லயே இருக்கு. நாலே நாளு, மாத்திப் போட்டா யாருக்கும்மா தெரியப்போகுது?"

நாங்கள் மூவரும் தரையைப் பார்த்தோம். செயலாளர் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார். எனக்கும் அதே எண்ணம்தான் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில்லுக்காரம்மா பையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நிமிடத்தில் அவர் அதை எடுத்து நீட்டியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டோம். அவர் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார்.

நாற்காலியிலிருந்து டிரைவர்தான் பேசினார். "விடுடி. வரிசையில நிக்கிறவனைத் தள்ளிட்டு முன்னாடி வந்து ஏறுறானே, அவனை முப்பது வருஷமாத் திட்டியிருக்கேன் நானு. இப்ப நானே அப்படி ஏறுவேனா? நாலு நாள்தானே, நம்ம வண்டி ஓடிட்டுத்தான் இருக்கு." பிறகு எங்களைப் பார்த்து, "என்னப்பா, டீசல் இருக்குல்ல? கிளம்பு, ரைட்!" என்றார்.

சில்லுக்காரம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் காலைப் பிடித்தார். அன்று ஒன்பது மாடியும் அவர் ஒரு போனும் பேசவில்லை. இடையிடையே தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைகள் இரண்டும் நாற்காலியில் இருந்தன.

பதினான்காம் எண் அடுத்த புதன்கிழமை வந்தது. அதே வெள்ளி உறை. மதியம் மூன்று மணிக்குள் வேலை முடிந்தது. பழைய திரையில் மழையில்லை, மீனில்லை. கறுப்பில் வெள்ளையாக ஓர் எண், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. செயலாளர் கோப்போடு வந்து பார்த்தார்.

"பழசுல வணக்கம் சொல்லுமே. இப்ப மாடி எண்ணை மட்டும்தான் சொல்லுது?"

"மேல போகுதா சார்?" என்றார் சில்லுக்காரம்மா.

"போகுது."

"கீழ வருதா?"

"வருது."

"அப்ப வணக்கத்தை நாம சொல்லிக்கலாம் சார்."

செயலாளர் யோசித்துவிட்டு, அரைமனதாக லிஃப்டைப் பார்த்து, "வணக்கம்" என்றார். நின்றிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் வியாழன். காலையில் டிரைவர் தாமாகவே உள்ளே நடந்து வந்து, தாமாகவே பொத்தானை அழுத்தி இறங்கிப் போனார். மதியம் திரும்பி வந்தபோது வழக்கம்போல் துவண்டிருந்தார். லிஃப்டுக்குள் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தோம். சில்லுக்காரம்மா அரைநாள் விடுப்பில் வந்திருந்தார். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கதவு மூடத் தொடங்கியபோது அண்ணி குறுக்கே கையை நீட்டினார். கதவு பதறி விலகியது. சில்லுக்காரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். "வா. நீ வராம எப்படி?"

நானும் ஒட்டிக்கொண்டேன். லிஃப்ட் ஏறியது. டிரைவர் கண்களை மூடியிருந்தார். அவருடைய தலை அண்ணியின் இடுப்பில் சாய்ந்திருந்தது. சில்லுக்காரம்மா மெதுவாகத் திரும்பி, குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல், லிஃப்டின் எஃகுச் சுவரில் புறங்கையை வைத்தார். அவர் வீடிருக்கும் ஏழாம் மாடி வந்தது, போனது. அவர் கையை எடுக்கவில்லை.